ஊட்டியில் கண்ணில் படும் பச்சை எல்லாம் நீலகிரியா? புல்வெளி, மந்து, ஹட்டி... ஒரு மலையின் உண்மைக் கதை!

கோடை விடுமுறை தொடங்கியதும் மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு சோதனைச்சாவடியில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். இ-பாஸ் இருக்கா, தண்ணீர் பாட்டில் இருக்கா என்று கேள்வி மேல் கேள்வி. அதைக் கடந்து மேலே ஏறினால் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைன் மரக்காடு, பைக்காரா, ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ரெண்டு நாள் டூர் முடிஞ்சது.

இந்தப் பட்டியலில் இருக்கும் பெரும்பாலான இடங்களுக்கு 200 வயதுகூட ஆகவில்லை. ஏரி வெட்டப்பட்டது, பூங்கா அமைக்கப்பட்டது, பைன் மரம் நடப்பட்டது. மலை அதற்கு முன்பே இருந்தது. அதில் மக்களும் இருந்தார்கள். அந்தப் பழைய நீலகிரி இன்னும் இருக்கு. ஆனால் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

காடும் புல்லும் சேர்ந்ததுதான் இந்த மலை

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம் நீலகிரி. மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது இந்தப் பகுதிதான். தமிழகம், கேரளா, கர்நாடகா என 3 மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது.

மலை என்றாலே உச்சி வரை மரம் அடர்ந்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பாங்க. நீலகிரியின் மேல்மட்டம் அப்படி இல்லை. இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த காடு. அதுதான் சோலை. மீதி இருக்கும் குன்றும் சரிவும் முழுக்க புல்வெளி. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளத்தின் மடிப்புகளில் கரும்பச்சைத் திட்டுகளை ஒளித்து வைத்தது போலத் தெரியும்.

ஏன் இப்படி? முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும்போது, திறந்தவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று கருகிவிடும். புல் தாங்கிக்கொள்ளும். மரத்தின் நிழலுக்குள் முளைக்கும் கன்று மட்டும் பிழைக்கும். அதனால் சோலையும் புல்லும் ஒன்றின் எல்லையை மற்றொன்று தாண்டாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அருகருகே வாழ்ந்து வந்திருக்கின்றன.

இதுல சமவெளியில இருக்கிறவங்களுக்கு என்ன? நிறைய இருக்கு. பெய்யும் மழையைப் புல்லின் வேர்களும் சோலையின் மட்கு மண்ணும் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நீலகிரியின் மேற்கு மேட்டில் பிறக்கும் பவானி, கேரளாவுக்குள் போய் அட்டப்பாடி வழியாகத் திரும்பி மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. கோவைக்கு குடிநீர் தரும் பில்லூர் அணை இந்த ஆற்றில்தான் இருக்கிறது. பைக்காராவில் தொடங்கும் இன்னொரு நீரோட்டம் மோயாறாகி பவானிசாகரில் வந்து சேர்கிறது. அங்கிருந்து கீழ்பவானி பாசனத்தில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பயன்பெறுகிறது. ஈரோட்டில் மஞ்சள் போடும் விவசாயிக்கும் அவலாஞ்சி புல்வெளிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டு.

அப்போ அந்தப் புல்வெளி எங்கே போச்சு?

1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். 1820-களில் ஊட்டியில் கல் பங்களா எழுந்தது, ஏரி உருவானது. 1848-ல் தாவரவியல் பூங்கா வேலை தொடங்கியது. குடியேறிய ஆங்கிலேயர்களுக்குக் குளிருக்கு விறகு வேண்டும். சோலை மரமோ மெதுவாகத்தான் வளரும். ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டிலும் வந்தன. நீலகிரி தைலம் இந்த யூகலிப்டஸ் இலையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மலையின் பெயரையே சுமக்கும் பொருள், மலைக்குச் சொந்தமில்லாத மரத்திலிருந்து வருகிறது!

சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. தோல் பதனிடத் தேவையான வாட்டில் பட்டைக்காகவும், கூழ் மரத்துக்காகவும் புல்வெளிகளில் தோட்டங்கள் போடப்பட்டன. புல்வெளி என்றால் சும்மா கிடக்கும் தரிசு என்பதே அன்றைய பார்வை. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் குந்தா நீர்மின் திட்ட அணைகள். மிச்சமிருந்த இடத்திலும் வாட்டில் தானாகவே பரவியது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினால், காத்திருந்த விதைகள் மொத்தமாக முளைக்கும்.

'மரம் நட்டா மழை வரும்' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான விஷயம். ஆனால் இங்கே தப்பான இடத்தில் நட்ட மரம்தான் நீரூற்றை வற்ற வைக்கிறது.

சரி, எல்லா வாட்டிலையும் வெட்டிட்டா முடிஞ்சதா? அதுவும் இல்லை. வெட்டிய இடத்தில் வெறும் மண் வெயிலைப் பார்த்ததும் வேறு அந்நியப் புதர்கள் வந்துவிடுகின்றன. சில இடங்களில் பழைய வாட்டில் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்கியிருக்கின்றன. அங்கே மரத்தை அகற்றினால் கன்றும் போகும். எந்த இடத்தில் புல், எந்த இடத்தில் சோலை என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீண்ட காலம் நடந்த வழக்குகளின் தொடர்ச்சியாக, அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. வேலை தொடங்கிவிட்டது, ஆனால் மலை பெரிது.

தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு உயிர்வாழ்வது இந்தப் புல்லை நம்பித்தான். முக்கூர்த்தி தேசியப் பூங்கா அதற்காகவே பாதுகாக்கப்படுகிறது.

தோடர்கள்: புல்லில் கட்டிய கோயில்

வரையாடு மட்டுமா? ஒரு சமூகமே புல்வெளியை நம்பி வாழ்ந்தது. சுமார் 2,000 பேர் மட்டுமே கொண்ட தோடர்கள்.

அவர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம், ஒத்தைக்கல் மந்து என்ற பெயர்கள் எல்லாம் சுற்றிச்சுற்றி அந்த 'மந்து'வில் வந்துதான் நிற்கும். பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற வீடு, தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். குளிரும் காற்றும் உள்ளே வராது. இன்று பெரும்பாலான தோடர்கள் கான்கிரீட் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் கோயில்களை இன்னும் பழைய முறைப்படியே கட்டுகிறார்கள்.

இந்தக் கோயில் ஒரு பால்மனை. சிலை கிடையாது. எருமைதான் தோடர்களின் வாழ்க்கைக்கு மையம். எருமைப் பாலைக் கறப்பதும் கடைவதும் பூசாரியின் சடங்கு. மரபுப்படி பெண்கள் பால்மனைப் பக்கம் போவதில்லை. தலைகுந்தா அருகே முத்தநாடு மந்தில் இருக்கும் 'மூன்போ' கோயில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும். டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் மொற்பர்த் பண்டிகைக்கு எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் அங்கே கூடுவார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு வேலைப்பாடு செய்த புத்குளியைப் போர்த்திக்கொண்டு ஆடுவார்கள். இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கித் தங்கள் பலத்தைக் காட்டுவார்கள்.

இப்போ சிக்கல் எங்கே வருதுன்னா, அந்தக் கோயிலின் கூரைக்கு. எந்தப் புல் வேண்டுமானாலும் போட முடியாது. மேட்டுநிலச் சதுப்புகளில் வளரும் குறிப்பிட்ட புல் வேண்டும். கட்டுவதற்குப் பிரம்பும் மூங்கிலும் வேண்டும். சதுப்பை வடித்து கேரட் போட்டால் புல் போய்விடும். வாட்டில் நீரை உறிஞ்சினாலும் போய்விடும். கர்ப்பிணிக்கு 7-வது மாதம் வாக்கில் கணவர் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்குக்கும் குறிப்பிட்ட செடிகள் வேண்டும். சடங்கு நடப்பதோ மரத்தடியில். ஒரு மொழி அழிந்தால் கவலைப்படுகிறோம். இங்கே ஒரு புல் அழிந்தால் அதோடு ஒரு சடங்கும் போய்விடும்.

தோடர் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழிதான். ஆனால் காதில் விழும்போது அப்படித் தோன்றவே தோன்றாது. அவ்வளவு வித்தியாசமான ஒலிகள். தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1906-லேயே பெரிய புத்தகம் எழுதினார். அதன் பிறகும் உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்தபடியே இருக்கிறார்கள்.

தோடர் பெண்களின் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்கும். ஒரு முழுப் போர்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். கடைத்தெருவில் 'தோடா டிசைன்' என்று மெஷினில் அடித்து விற்கும் துணியின் விலையோடு இதை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

பானைக்குப் பால், தானியத்துக்குத் தேன்

நீலகிரியின் சுவாரஸ்யமே இங்குள்ள மக்கள் தனித்தனித் தீவாக வாழவில்லை என்பதுதான். பணமே புழங்காத காலத்தில் ஒரு நீண்ட கொடுக்கல் வாங்கல் இருந்தது. தோடர்கள் பாலும் நெய்யும் கொடுப்பார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவி, பானை செய்து தருவார்கள், அடுத்தவர் வீட்டுச் சாவுக்கும் வந்து வாசிப்பார்கள். படுகர்கள் தானியம் விளைவித்துத் தருவார்கள். காட்டுச் சரிவில் இருந்த குறும்பர்கள் தேனும் மூலிகையும் கொண்டுவருவார்கள். அவர்களின் மந்திரத்துக்கு மற்றவர்கள் பயப்படவும் செய்தார்கள்.

சந்தையும் காசும் வந்த பிறகு, 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஏற்பாடு மெல்லக் குலைந்தது. கடையில் அலுமினியப் பாத்திரம் கிடைக்கும்போது பானைக்காக யார் காத்திருப்பார்கள்?

கோத்தர்களுக்கு மொத்தமே 7 ஊர்கள். கோக்கால் என்பார்கள். கோத்தகிரி என்ற பெயரில் இருப்பதும் இவர்கள்தான். மண்பாண்டம் செய்வது பெண்களின் வேலை. அய்யனோர், அம்மனோர் தெய்வங்களுக்கான பண்டிகை குளிர்காலத்தில் நடக்கும்.

குறும்பர்கள் தேன் எடுக்கும் கதையைக் கேட்டால் வயிறு கலங்கும். மலைத்தேனீக்கள் செங்குத்துப் பாறையில் கூடு கட்டும். கொடியில் பின்னிய ஏணியில் ஒருவர் இரவில் தொங்கியபடி இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மச்சான், அதாவது மனைவியின் சகோதரர். தங்கச்சி விதவையாகக் கூடாது என்பதால் அவர் கயிற்றை விடமாட்டார் என்று விளக்கம் சொல்வார்கள். பாதி நகைச்சுவை, பாதி நிஜம். பாறையில் ஓவியம் தீட்டும் மரபும் இவர்களுக்கு உண்டு. அதே பாணியில் இன்று காகிதத்திலும் துணியிலும் வரைகிறார்கள்.

தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன.

படுகர்களின் ஹட்டி

எண்ணிக்கையில் பெரிய உள்ளூர்ச் சமூகம் படுகர்கள். ஊருக்கு ஹட்டி என்று பெயர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், முன்னால் பொதுவான முற்றம். நல்லது கெட்டது எல்லாம் அந்த முற்றத்தில்தான். பேசுவது படுகு மொழி. அவரை, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுச் செய்யும் 'உதக்க' குழம்பு இல்லாமல் விருந்து இல்லை. எண்ணெயில் பொரித்த இனிப்பான 'எண்ணெ ஹிட்டு' பண்டிகைக்குக் கட்டாயம்.

டிசம்பர்-ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை. ஹெத்தை என்றால் பாட்டி, மூதாட்டி. பேரகணி உள்ளிட்ட ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடையில் கூடுவார்கள். பச்சைத் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளை ஊர்வலம் நகர்வதைப் பார்ப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

படுகர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் மைசூர் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இல்லை, இது எங்கள் மலை, நாங்கள் இங்கேயே தோன்றியவர்கள் என்பது படுகர் தரப்பின் வாதம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை இதோடு சேர்ந்தது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளுக்கும் நினைவு வரும் கோரிக்கை அது.

சிறு விவசாயிகளாக இவர்கள் தேயிலைக்கு மாறி பல பத்தாண்டுகள் ஆகின்றன. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு உண்ணாவிரதம், போராட்டம் என்று செய்தி வராத ஆண்டே குறைவு. சுற்றுலாப் பயணி போட்டோ எடுக்கும் அழகான தேயிலைச் சரிவுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கு.

அதே தேயிலையில் இன்னொரு கதை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அரசின் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் நுவரெலியா, ஹட்டன் நினைவுகளோடு வாழும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஒரு மலையில் கொழுந்து பறித்தவர்களை இன்னொரு மலைக்கு மாற்றியது அந்த ஒப்பந்தம்.

கீழே இறங்கினால் யானை நாடு

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஊரே மாறிவிடும். குளிர் போய் முள்காடு வரும். மசினகுடி, சீகூர் பீடபூமி, முதுமலை. தெப்பக்காடு யானை முகாமை உலகத்துக்குக் காட்டியது 2023-ல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம். அதில் வரும் பொம்மன், பெள்ளி தம்பதி காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

சீகூர் பகுதி யானைகள் மேற்கும் கிழக்குமாக நடமாடும் வழித்தடம். 2010-ல் தமிழக அரசு அதை அறிவித்தது. 2018-ல் பல ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது.

இந்தக் காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியிலிருந்து ஒரு நல்ல விஷயமும் பிறந்திருக்கு. கூடலூர் சுற்றுவட்டாரப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டைப் பதப்படுத்தி, நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்ற யானைகள் இவர்கள் செய்தவைதான்.

இ-பாஸ் எதுக்கு?

2011 கணக்குப்படி மாவட்ட மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம். சீசனில் ஒரே நாளில் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாக 2024-ல் உயர்நீதிமன்றத்துக்குத் தகவல் வந்தது. அதன் பிறகுதான் அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. உள்ளூர் வாகனங்கள், அரசுப் பேருந்து, விளைபொருள் வண்டிகளுக்கு விலக்கு. விதிகள் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வியாபாரிகளுக்கு இதில் கோபம் உண்டு. லாட்ஜ், டாக்சி, வர்க்கி கடை எல்லாம் அந்த 2 மாத வருமானத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் நெரிசலில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பதைப் பார்க்கும் உள்ளூர்க்காரர்களுக்கு வேறு கருத்து. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

மண்ணும் ஒரு காரணம். 2009 நவம்பரில் கொட்டிய மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அவலாஞ்சி என்ற பெயரே 19-ம் நூற்றாண்டில் அங்கே நடந்த பெரிய நிலச்சரிவால் வந்ததுதான். சரிவை வெட்டிக் கட்டிய ஒவ்வொரு காட்டேஜும் அந்த மண்ணில்தான் நிற்கிறது.

போறவங்க என்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

மலை ரயிலை விட்டுவிட வேண்டாம். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்த பாதை. 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல்லாறு - குன்னூர் இடையே பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறும்போது, மரமும் காற்றும் மாறுவதைச் சன்னலிலேயே பார்க்கலாம். டிக்கெட் முன்கூட்டியே போட வேண்டும்.

முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டமே இருக்காது. தோடர் குடில், கோத்தர் பானை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பிறகு மலையைச் சுற்றினால், கண்ணில் படுவதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

மந்து என்பது வீடு. காட்சிப்பொருள் கிடையாது. அழைக்காமல் உள்ளே போவது, பால்மனையின் கல்சுவரைத் தாண்டுவது, பாட்டிகளை நிறுத்தி வைத்து செல்ஃபி எடுப்பது எல்லாம் அங்கே இருப்பவர்களை எரிச்சலூட்டும் விஷயங்கள். எம்பிராய்டரி வாங்குவதென்றால் தைத்தவரிடமே, அல்லது அவர்களின் குழுக்கள் நடத்தும் கடையிலேயே வாங்கலாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. வழியெங்கும் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கின்றன, ஸ்டீல் பாட்டில் போதும்.

மே மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் டிசம்பர், ஜனவரிதான் நல்ல நேரம். உறைபனி விழும், பண்டிகைகள் வரும், சாலை காலியாக இருக்கும். குறிஞ்சிக்காகப் போகிறவர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. குறிஞ்சி வளர்வதும் அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான்.